வெளிக்காற்று கெட்டிருக்கும் நாளில் ஓர் அறையையாவது சுத்தமாக வைப்பது எப்படி?

வெளியே புகைமூட்டம் என்றதும் பலரும் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, கூடத்தின் நடுவில் ஒரு ஏர் பியூரிஃபையரை வைத்து ஓட விடுகிறார்கள். பெரும்பாலும் அது போதாது. சின்னக் கருவி ஒன்றால் வீடு முழுவதற்கும் ஈடுகொடுக்க முடியாது. எங்கள் வீட்டில் வீசிங் வரும் குழந்தை இருக்கிறாள். அவளுக்காகப் பல மாதங்கள் அளந்து பார்த்து நாங்கள் பின்பற்றும் வழி இது: படுக்கையறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை உருப்படியாகச் சுத்தம் செய்வது. ஒரு நாளில் நாம் அதிக நேரம் சேர்ந்தாற்போல் மூச்சு விடும் இடம் அதுதானே.

1. நிறத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

காற்றுத் தரக் குறியீட்டின் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறும். ஒரு செயலியில் மஞ்சளாக இருப்பது இன்னொன்றில் பச்சையாகத் தெரியும். அதனால் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் உள்ள நுண்துகள், ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற எண்ணை மட்டும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய வழிகாட்டுதல்படி 24 மணி நேரச் சராசரி 15, ஆண்டுச் சராசரி 5-க்குள் இருக்க வேண்டும். 2005-ல் இவை 25, 10 என்று இருந்தன. குறைந்த அளவுகூடக் கெடுதல் செய்கிறது என்று தெரியவந்ததால் இறக்கினார்கள்.

கையடக்க மீட்டர் ஒன்று வாங்குங்கள். சிரிக்கும் முகம், அழும் முகம் மட்டும் காட்டுவது வேண்டாம், எண் காட்டுவதாக இருக்கட்டும். பியூரிஃபையரிலேயே இருக்கும் சென்சார் தன் பக்கத்துக் காற்றைத்தான் அளக்கும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. மலிவான மீட்டர்கள் ஒளிச்சிதறலை வைத்து அளப்பவை, ஈரப்பதம் மிகுந்தால் கூட்டிக் காட்டும். ஆகவே ஒரே மீட்டரை முதலில் வெளியே வைத்து எண்ணைக் குறியுங்கள், பிறகு உள்ளே வைத்துக் குறியுங்கள். உள்ளே இருப்பது வெளியே இருப்பதில் எத்தனை பங்கு? இந்த விகிதம் தனி எண்ணைவிட நம்பகமானது.

2. கசிவை அடைத்துவிடுங்கள்

காற்றடிக்கும் நேரத்தில் மெல்லிய காகிதக் கீற்றை ஜன்னல் விளிம்பு நெடுக நகர்த்துங்கள். கீற்று ஆடும் இடமெல்லாம் ஓட்டை. ரப்பர் அல்லது நுரைப் பட்டை ஒட்டினால் போதும். கதவின் அடி இடுக்கை மறக்க வேண்டாம். ஜன்னல் ஏசியில் வெளிக்காற்றை உள்ளே விடும் திறப்பு இருந்தால் மூடுங்கள். ஸ்பிளிட் ஏசி பொதுவாக அறைக்காற்றையே சுற்றவிடும், அதனால் தொல்லை இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அது தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு இடுக்குகள் வழியே வெளிக்காற்று நுழையும்.

ஒரு எச்சரிக்கை: கேஸ், கரி, மண்ணெண்ணெய் எரியும் எதுவும் உள்ள அறையை இப்படி அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும். எந்தப் பியூரிஃபையரும் அதை நீக்காது.

3. கருவியின் அளவு

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெட்டியின் மேல் 'இத்தனை சதுர அடி அறைக்கு' என்று போட்டிருப்பதை வைத்து வாங்க வேண்டாம். மணிக்கு எத்தனை முறை காற்றைச் சுத்தம் செய்வதாகக் கணக்கிட்டு அதைச் சொல்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்க்க வேண்டியது சிஏடிஆர் என்ற எண்: கருவி மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பது.

அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,080 கன அடி, அதாவது ஏறக்குறைய 31 கன மீட்டர். மணிக்கு 5 முறை சுத்தமாக வேண்டும் என்றால் 31 × 5 = 155. சரி, 155 சிஏடிஆர் கருவி வாங்கிவிடலாமா? கூடாது. பெட்டியில் போடும் எண் உச்ச வேகத்துக்கானது. அந்த இரைச்சலில் குழந்தை தூங்காது, இரவில் வேகத்தைக் குறைப்பீர்கள், சிஏடிஆரும் பாதிக்குக் கீழே போய்விடலாம். ஆகவே கணக்கில் வரும் எண்ணைப்போல் இரண்டு மடங்கு, இங்கே 300 அளவில் வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். பெரிய கருவியை மெதுவாக ஓட்டுவதே என் கட்சி. செயலி, வாசனைப் பெட்டி, வண்ண விளக்கு எதற்கும் காசு கொடுக்காதீர்கள். ஆட்டோ முறையும் வேண்டாம், சென்சார் ஏமாந்தால் விசிறி அடங்கிவிடும்.

கசிவும் கருவியும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. வெளியே 100 இருக்கிறது, கருவி மணிக்கு 5 முறை சுத்தம் செய்கிறது, இடுக்குகள் வழியே மணிக்கு 2 முறை காற்று மாறுகிறது என்றால் உள்ளே சுமார் 29-ல் நிற்கும். கசிவை 1 முறையாக இறக்கினால் அதே கருவியில் 17. நுரைப் பட்டை செய்யும் வேலை அவ்வளவு!

நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்கட்டும். ஓசோன் வெளியிடும் எதுவும் வேண்டாம், ஓசோனே நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு. தொட்டிச் செடிகளும் இதற்கு உதவாது.

4. கருவி இல்லாதவர்களுக்கு

2020-ல் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரும் ஜிம் ரோசந்தால் என்ற ஃபில்டர் கம்பெனிக்காரரும் சொன்ன, வீட்டிலேயே செய்துகொள்ளும் காற்று வடிகட்டும் பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. 20 அங்குலச் சதுர மெர்வ் 13 ஃபில்டர்கள் (மெர்வ் என்பது ஃபில்டரின் திறனைக் காட்டும் தர எண்) நான்கைச் சுவர்களாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இருக்கும் அம்புக்குறி பெட்டிக்குள் பார்க்க வேண்டும். அடியில் அட்டை, மேலே காற்றை மேல்நோக்கித் தள்ளும்படி சதுரப் பெட்டி விசிறி. எல்லா மூட்டுகளையும் டேப்பால் அடையுங்கள். விசிறியின் நான்கு மூலைகளையும் அட்டையால் மூடி நடுவில் வட்டமாக மட்டும் திறப்பு விடுங்கள், இல்லாவிட்டால் காற்று மூலை வழியே உள்ளேயே திரும்பும். பழைய விசிறி வேண்டாம், சூடேறும்.

5. எப்போது ஜன்னலைத் திறப்பது?

அடைத்த அறையில் நாலு பேர் படுத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், பியூரிஃபையர் அதைக் குறைக்காது. வெளியே 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 400 பங்கு) சற்று மேல் இருப்பது உள்ளே 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம். வெளியே பிஎம் 2.5 எண் இறங்கும் நேரம் பார்த்துப் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் இரவும் அதிகாலையும் தரையை ஒட்டி மாசு தேங்கும், வெயில் ஏறியபின் பெரும்பாலும் கலைந்துவிடும். கோடையில் ஓசோன் தொல்லை உள்ள ஊர்களில் நேர்மாறு, பிற்பகலில்தான் அது உச்சத்தைத் தொடும்.

6. வெளியே போகும்போது

என்95 மாஸ்க் மட்டும், துணி மாஸ்க் இந்த நுண்துகளுக்குப் போதாது. மூக்குக் கம்பியை அழுத்துங்கள். தாடி இருந்தால் இடுக்கு விழும். சிறு குழந்தைகளின் முகத்துக்கு என்95 பொருந்தாது, அவர்களை அந்த நாளில் வெளியே விளையாட விடாதீர்கள். பள்ளிக்கு நடப்பதென்றால் பெரிய சாலைக்கு ஒரு தெரு உள்ளே தள்ளிப் போங்கள். வாகனப் புகையின் மிக நுண்ணிய துகள்கள் சில நூறு மீட்டர் தூரத்துக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். காரில் போனால் உள்காற்றைச் சுற்றவிடும் பொத்தானை அழுத்துங்கள்.

பின்சேர்க்கை: புதுக் கருவி ஓடியும் எண் இறங்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். முதலில் ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். பல கம்பெனிகள் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே அனுப்புகின்றன, உறையைப் பிரிக்காவிட்டால் காற்று அதன் வழியே போகாது. உறை இல்லையென்றால், கருவி சுவரை ஒட்டி இருக்கிறதா பாருங்கள், சுற்றிலும் ஒரு அடி இடம் வேண்டும். ஃபில்டரைக் கழுவலாமா என்றும் கேட்கிறார்கள். முன்னால் இருக்கும் வலையைக் கழுவலாம், ஹெப்பாவைக் கழுவக் கூடாது. படி 1-ல் குறித்த விகிதம் நாளாக ஆக ஏறிக்கொண்டே போனால், புதிய கசிவும் இல்லையென்றால், ஹெப்பாவை மாற்றும் வேளை வந்துவிட்டது.