பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு படிப்பிடம்

பதின்வயதுப் பிள்ளைக்குப் படிப்பிடம் அமைக்க முனையும் பெற்றோர் முதலில் மேசையையும் விளக்கையும் பற்றியே யோசிக்கிறார்கள். அவற்றுக்கும் முன்னதாகத் தீர்மானிக்க வேண்டியது, அந்த இடம் யாருடைய பொறுப்பில் இருக்கப் போகிறது என்பதுதான். எட்டு வயதுப் பிள்ளை பெரியவர்களின் கண்ணெதிரே அமர்ந்து எழுதுவதை விரும்பும். அதே பிள்ளைக்குப் பதினான்கு வயதானதும், யாரோ தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போன்ற உணர்வு தரும் இடத்தில் பத்து நிமிடம் உட்காருவதே பெரும்பாடாகிவிடும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் பிள்ளையோடு அமர்ந்து, எந்தப் பாடத்தை எந்த நேரத்தில் படிக்கிறாய், இப்போது எங்கே உட்காருகிறாய், எதனால் அடிக்கடி எழ நேர்கிறது என்று கேளுங்கள். அளவுகளையும் வெளிச்சத்தையும் பாதுகாப்பையும் பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம். மேசையின் மேல் எது எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

தனி அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு மேசையும் நாற்காலியும் கொள்ளும் மூலை போதும். ஆனால் அது எல்லோரும் நடந்து செல்லும் வழியிலோ, தொலைக்காட்சி தெரியும் திசையிலோ இருக்கக் கூடாது. கதவுக்கு நேர் முதுகு காட்டி அமர்ந்தால், யார் உள்ளே வருகிறார்கள் என்று கவனத்தின் ஒரு பகுதி எப்போதும் பின்னாலேயே இருக்கும். கதவை நேராகப் பார்த்து அமர்ந்தால், வருவோர் போவோர் எல்லாரையும் தலைநிமிர்ந்து பார்க்கத் தோன்றும். கதவு பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுவதே இரண்டுக்கும் நல்ல மாற்று. சன்னலும் அப்படித்தான்: நேர் எதிரில் இருந்தால் கண் கூசும், முதுகுப் பக்கம் இருந்தால் கணினித் திரையில் பிரதிபலிக்கும், பக்கவாட்டில் இருந்தால் வெளிச்சம் மட்டும் வந்து சேரும்.

உடலுக்கு ஏற்ற உயரம் என்ற விஷயத்தில்தான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன. கடைகளில் விற்கும் சாதாரண எழுதுமேசைகள் ஏறத்தாழ 70 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் கொண்டவை. அவை வளர்ந்தவர்களின் உடலளவை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அப்படிப்பட்ட மேசையில் அமரச் செய்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து சற்று நேரம் கவனியுங்கள். தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருக்கும். பாதங்கள் தரையைத் தொடாமல் தொங்கும். நாற்காலியின் முன்விளிம்பு தொடையின் அடிப்பாகத்தை அழுத்துவதால் பிள்ளை சிறிது நேரத்திலேயே நுனிக்கு நகர்ந்து, முதுகை வளைத்து, ஒரு கையில் தலையைத் தாங்கிக்கொண்டு எழுதத் தொடங்கும். இதைச் சோம்பல் என்று கண்டிப்பதில் பயனில்லை; உட்கார முடியாத இருக்கையில் உடல் தன்னால் இயன்ற வழியைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

சரிபார்க்கும் முறை எளிது. பிள்ளை முதுகு சாய்ந்து அமர்ந்திருக்கையில் பாதங்கள் முழுவதும் தரையில் படிந்திருக்க வேண்டும். முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். தோளைத் தளர்த்திக் கையை மடக்கினால் முழங்கை மேசைப் பரப்பின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வர வேண்டும். மேசை உயரமாக இருந்து அதை மாற்ற வழியில்லை என்றால், கெட்டியான திண்டு போட்டு இருக்கையை உயர்த்துங்கள். அதனால் தரையை எட்டாமல் போகும் பாதங்களுக்கு ஒரு மரப்பலகையையோ உறுதியான பெட்டியையோ வையுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். திண்டை மட்டும் போட்டுவிட்டுப் பலகையை மறந்தால், முதுகு வலிக்குப் பதில் கால் மரத்துப்போகும். உருளும் சக்கரமும் சுழலும் இருக்கையும் கொண்ட நாற்காலி கட்டாயம் தேவை என்று நான் கருதவில்லை; உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதும், கீழ் முதுகுக்குத் தாங்கல் இருப்பதுமே முக்கியம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அறையில் ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்ற எண்ணம் சரியன்று. கூரையின் நடுவில் விளக்கு இருந்து, மேசை சுவரோரம் இருந்தால், எழுதுபவரின் தலையும் தோளும் சேர்ந்து குறிப்பேட்டின் மேல்தான் நிழலாக விழும். இரவில் அந்த இடத்தில் நீங்களே ஒரு முறை அமர்ந்து, பேனாவைத் தாளில் ஊன்றிப் பாருங்கள். எழுதப்போகும் இடத்தின் மேல் கையின் நிழல் படிந்தால், மேசைவிளக்கை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும்: வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கத்திலிருந்தும், இடக்கையால் எழுதுபவருக்கு வலப்பக்கத்திலிருந்தும் ஒளி வர வேண்டும். எழுதும் பரப்பில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் இருப்பது படிப்புக்கு ஏற்றது. கைபேசியில் கிடைக்கும் ஒளி அளக்கும் செயலிகள் இதைத் தோராயமாகக் காட்டிவிடும். பல்பு கண்ணுக்கு நேரே தெரியாதபடி விளக்கின் மூடி தாழ்ந்திருக்கட்டும். மேசைவிளக்கு எரியும்போது அறைவிளக்கையும் எரியவிடுங்கள். சுற்றிலும் இருட்டாகவும் தாள் மட்டும் பளிச்சென்றும் இருந்தால் கண் விரைவில் களைத்துவிடும்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் அதை வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது. நீண்ட நேரம் அதில் வேலை செய்யும் பிள்ளையாக இருந்தால், தடித்த புத்தகங்களின் மேல் கணினியை வைத்துத் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைத்துக் கொடுங்கள். திரை ஏறத்தாழ ஒரு கை நீட்டும் தொலைவில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தொலைவிலுள்ள ஏதேனும் ஒன்றை 20 வினாடி பார்ப்பது கண்ணின் இறுக்கத்தைத் தளர்த்தும். சார்ஜர் வயர் நடைபாதையின் குறுக்கே கிடக்காதபடி பிளக் பாயிண்ட் அருகிலேயே மேசையைப் போடுவது, பிற்பாடு வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

பொருள்களைக் குறித்து ஒரே விதி போதும்: அன்றாடம் தேவைப்படுவது கை எட்டும் தொலைவிலும், மற்றவை அலமாரியிலும் இருக்க வேண்டும். பேனா, அளவுகோல், கணக்கிடுவான் (கால்குலேட்டர்), அகராதி, தண்ணீர், கைக்கடிகாரமோ மேசைக்கடிகாரமோ ஒன்று, இவை இருந்தால் எழுந்து போகக் காரணம் குறையும். கடிகாரத்தையும் கணக்கிடுவானையும் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. இவை இல்லாவிட்டால் பிள்ளை கைபேசியை எடுக்கும், எடுத்தது அதன் கையிலேயே இருந்துவிடும். கைபேசியைப் பிடுங்கி வைப்பது சண்டையில்தான் முடியும், அதோடு வகுப்புச் செய்திகளும் இன்று அதில்தான் வருகின்றன. அதைச் சார்ஜ் போடும் இடத்தை வேறோர் அறைக்கு மாற்றி, இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் கைபேசியும் அந்நேரத்தில் அதே இடத்தில் இருந்தால் அந்த ஏற்பாடு நீடிக்கும்.

இரண்டு பிள்ளைகள் ஓர் அறையைப் பகிர்ந்தால், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காதபடி வெவ்வேறு சுவர்களை நோக்கி அமரச் செய்யுங்கள். ஆளுக்கொரு விளக்கு கட்டாயம் வேண்டும். வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் ஒருவருக்கு இருந்தால் அதற்கென நேரம் ஒதுக்குவதே தீர்வு. மேசையே போட இடமில்லாத வீட்டில் உணவு மேசையைப் பயன்படுத்தலாம். படிப்புப் பொருள்கள் அனைத்தையும் ஒரே பெட்டியில் வைத்து, பெட்டி மேசைக்கு வந்ததும் அந்த இடம் படிப்பவருடையது என்று வீட்டார் அனைவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டு படிப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வரிகளுள்ள பாடல் வாசிப்பையும் எழுத்தையும் குறுக்கிடும், இசை மட்டுமே என்றால், பயிற்சிக் கணக்குப் போடும்போது பிள்ளை தானே சோதித்துப் பார்க்கட்டும்.

படுக்கையைப் படிப்பிடமாக ஆக்காதீர்கள். பதின்வயதில் உடலின் உள்கடிகாரம் இயல்பாகவே தாமதமாகிறது. உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் ஹார்மோனான மெலட்டோனினின் சுரப்பு இரவில் பிந்தியே தொடங்குவதால், இவர்களுக்குச் சீக்கிரம் உறக்கம் வராமல் போவது பிடிவாதத்தால் அன்று. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இரவு நெடுநேரம் பிரகாசமான ஒளியிலும் திரையிலும் இருப்பது அந்தச் சுரப்பை மேலும் தள்ளிப்போடும் என்பதால், மாலையிலேயே முடிக்கக்கூடிய திரை வேலைகளை முதலில் முடித்து, தாளில் செய்யும் வேலைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மஞ்சள் கலந்த ஒளிக்கு மாறக்கூடிய மேசைவிளக்கு இதற்கு உதவும்.

வளர்ச்சி வேகமெடுக்கும் ஆண்டில் பிள்ளைகள் 8 சென்டிமீட்டருக்கு மேலும் உயர்வதுண்டு. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாதம், முழங்கால், முழங்கை ஆகிய மூன்றையும் மீண்டும் பாருங்கள். முதலில் காலடிப் பலகையும் பிறகு திண்டும் தேவையற்றுப் போகும். அதே நாளில், இந்த மூலையில் எது தொந்தரவாக இருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்டு, சொல்வது உங்களுக்குச் சிறிதாகத் தோன்றினாலும் அதை அன்றே மாற்றிக் கொடுங்கள்.