ஒட்டு வீட்டின் நீண்ட கூடத்தை மாற்றி அமைத்தல்

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கும் பழைய வீடுகள் பல, முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் கட்டப்பட்டவை. ரேழி, பட்டாசாலை, முற்றம், அடுக்களை என்று தனித்தனியாக இருந்தவற்றின் தடுப்புகளை எடுத்து ஒரே கூடமாக்கியவர்கள், எந்தப் பொருளை எங்கே போடுவது என்று பிறகு திண்டாடுவார்கள். பக்கச் சுவர்களில் சன்னல் வைக்க வழியில்லாத வீட்டில் ஆள் நடக்கும் வழியையும் வெளிச்சம் விழும் இடத்தையும் முதலில் முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகே சோபாவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாசலிலிருந்து கொல்லை வரை, ஏதேனும் ஒரு பக்கச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்குச் சாக்பீசால் கோடு போடுங்கள். கூடம் 12 அடி அகலமென்றால் மற்றப் பக்கம் 9 அடி முழுதாகக் கிடைக்கும். அதே வழியை நடுவில் விட்டால் இரு புறமும் நாலரை அடித் துண்டுகளே மிஞ்சி, ஒன்றில்கூட நான்கு பேர் எதிரெதிரே உட்கார முடியாது. சாப்பாட்டு மேசையின் விளிம்பிலிருந்து நாற்காலியை இழுத்து எழ இரண்டரை அடியாவது தேவைப்படும் என்பதால், அதையும் தரையில் வரைந்து, ஒரு வாரம் அப்படியே புழங்கிப் பார்ப்பது நல்லது. சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து தங்கும் வீடாக இருந்தால், பாய் விரிக்கும் இடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதியில் உச்சிவெயில் முற்றத்துக்குள் ஏறக்குறைய நேராகவே இறங்கும். சாப்பிடுவது, படிப்பது, பூத்தொடுப்பது எல்லாம் அதன் ஓரத்தில் நடக்கட்டும்; பீரோவும் தொலைக்காட்சியும் இருண்ட பகுதிக்குப் போகட்டும். பீரோவை வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு மனிதர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முற்றத்தைக் கண்ணாடியால் மூடுவதாக இருந்தால், கூரையை ஓரடி உயர்த்திப் பக்கங்களில் வலையடித்துத் திறந்து விடுங்கள். இல்லையென்றால் மேலேறும் வெக்கை வெளியேற வழியின்றி சித்திரை, வைகாசியில் கூடம் அடுப்பாகிவிடும். ஐப்பசி மழையின் சாரல் உள்ளே வராதபடி கூரை விளிம்பை அந்தத் திறப்புக்கு வெளியே நீட்டிவிட வேண்டும்.

மிஞ்சி நிற்கும் சுவர் எதையும் இடிக்கும் முன் மேலே பாருங்கள். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட பழைய தளமாக இருந்தால், சட்டங்களின் முனையோ உத்திரமோ எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தச் சுவரே தளத்தைத் தாங்குகிறது. கட்டடப் பொறியாளர் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உவர் பூத்துப் பூச்சு உதிரும் என்பதால், ஒட்டுப் போடும் இடங்களிலும் சுண்ணாம்பையே கேளுங்கள். பொதுச்சுவரில் அலமாரிக்காக ஆழமாகக் குடைவதைத் தவிர்ப்பதே நல்லது. பக்கத்து வீட்டுச் சட்டங்களும் அதே சுவரில் இறங்கியிருக்கலாம் என்பதால், சிறு துளை போடுவதாக இருந்தாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொத்தனாரை அழையுங்கள்.