ஃப்ரேசல் வெர்ப் படிக்கணும்னா 'இட்' எங்க வருதுன்னு முதல்ல பாருங்க

நம்ம பாளையங்கோட்டைல பேங்க் எக்ஸாமுக்குத் தயாராகுத புள்ளைய நிறைய பேரு ஃப்ரேசல் வெர்ப் (ஒரு வெர்ப்போட ஆஃப், அப் மாதிரி சின்ன வார்த்தை சேந்து வேற அர்த்தம் குடுக்கது) லிஸ்ட்ட ஜெராக்ஸ் போட்டு மனப்பாடம் பண்ணுதாங்க. அர்த்தம் கேட்டா டக்குனு சொல்லிருவாங்க, ஒரு வாக்கியம் எழுதுன்னா பேனா நின்னுரும். லிஸ்ட்ட ஓரமா வச்சிருங்க, அது வேணாம்.

இது ஒண்ணும் நமக்குப் புதுசு இல்ல. சளி பிடிச்சிருக்கு, அடம் பிடிக்கான், பஸ் பிடிச்சு வந்தேன், சட்டை பிடிச்சிருக்குன்னு ஒரே 'பிடி'ய வச்சு நாள் பூரா பேசுதோம், எந்த லிஸ்ட்டும் பாத்துப் படிக்கல, காதுல விழுந்து விழுந்து வந்தது. அதே மாதிரி ஒரு வெர்ப்ப மட்டும் எடுத்துக்கோங்க. புட் ஆஃப்னா தள்ளிப்போடுதது, புட் அவுட்னா தீய அணைக்கது, புட் அப் வித்னா பொறுத்துக்கிடுதது. ஒவ்வொண்ணுக்கும் உங்க ஊர்ல நடந்த சங்கதிய வச்சே ஒரு வாக்கியம் எழுதுங்க.

இப்ப எனக்குப் புரிய ரொம்ப நாள் பிடிச்ச இடத்துக்கு வாரேன், இத மெதுவாப் படிங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல நம்ம பக்கம் அரையாண்டுப் பரீட்சையத் தள்ளி வச்சாங்கல்லா, அத 'தே புட் ஆஃப் தி எக்ஸாம்'னும் சொல்லலாம், 'தே புட் தி எக்ஸாம் ஆஃப்'னும் சொல்லலாம், ரெண்டும் சரி. ஆனா எக்ஸாமுக்குப் பதிலா 'இட்' போட்டா அது நடுவுலதான் வரணும், 'தே புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்'னா தப்பு. சரி, எல்லாத்துக்கும் நடுவுல போட்டுருவோம்னு நினைச்சா அதுவும் ஆகாது, லுக் ஆஃப்டர்ல (ஒருத்தரக் கவனிச்சுக்கிடுதது) 'லுக் ஆஃப்டர் ஹிம்'தான், பிரிக்கவே கூடாது.

எது பிரியும், எது பிரியாதுன்னு எப்படித் தெரியும்? இதுக்கு லாங்மன் ஆன்லைன் அகராதிதான் பெஸ்ட்னு சொல்லுவேன், காசு கிடையாது. பிரியுத வெர்ப்புன்னா அதுல ரெண்டு பக்கமும் முனை உள்ள அம்புக்குறி ஒண்ணு போட்டிருப்பாங்க, பிரியாததுக்கு அது இருக்காது. அர்த்தத்தப் பாக்கதுக்கு முன்னால அம்புக்குறியப் பாருங்க. தமிழ் அர்த்தம் மட்டும் காட்டுத ஆப்ல இந்த விவரமே வராது, அத நம்பி உக்காராதீங்க.

எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா நிக்கும். ஃபோன வைக்கதுக்கு ஏன் ஹேங் அப்? பழைய ஃபோன்ல பேசி முடிச்சா ரிசீவர கொக்கியில மாட்டணும், அதான். லாக் இன் கடல்ல இருந்து வந்தது. பாய்க்கப்பல் காலத்துல கட்டை ஒண்ண கயித்துல கட்டி கடல்ல விடுவாங்க, கயித்துல சம தூரத்துக்கு முடிச்சு இருக்கும், மணல் கடிகாரம் காலியாகுததுக்குள்ள எத்தனை முடிச்சு ஓடுதோ அதான் வேகம். அந்தக் கட்டைக்குப் பேரு லாக், முடிச்சுக்கு நாட், கணக்கு எழுதுத நோட்டு லாக்புக், அப்படியே கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துட்டு. தூத்துக்குடிக்கு வார கப்பலுக்கும் வேகம் இன்னைக்கும் நாட் கணக்குலதான்.

ஆனா வாட்ஸ்அப்ல வார கதையெல்லாம் நம்பாதீங்க. மழை கொட்டுதுங்கதுக்குச் சொல்லுத ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸுக்கு கூரைல படுத்திருந்த நாயும் பூனையும் மழைல வழுக்கி விழுந்துச்சுன்னு ஒரு கதை சுத்துது, அதுக்கு ஆதாரம் கிடையாது. வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லுத எட்டிமான்லைன் வெப்சைட்ல ஒரு தடவ தேடிட்டு அப்புறம் அடுத்தவங்களுக்கு அனுப்புங்க.

அப்டேட்: படிச்சுட்டு ரெண்டு சந்தேகம் கேட்டிருந்தாங்க. புட் அப் வித் மாதிரி மூணு துண்டா வந்தா 'இட்' கடைசிலதான், 'ஐ கான்ட் புட் அப் வித் இட்'. இன்னொண்ணு, பஸ்ஸுக்கு கெட் ஆன், ஆட்டோவுக்கு கெட் இன், ஏன்னு? உள்ள எந்திரிச்சு நின்னு நடக்க முடிஞ்சா ஆன், பஸ், ரயில், கப்பல் எல்லாம் அப்படி. குனிஞ்சு ஏறி உக்கார மட்டும்தான் இடம்னா இன், காரும் ஆட்டோவும் அதுல வரும். பைக், சைக்கிள்ல மேல உக்காருததால அதுக்கும் ஆன்தான்.