தொலைவிலுள்ள குளியலறைக்கு வெந்நீர் விரைவாக வர

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரும் தரைத்தளத்தின் கோடியில் குளியலறையும் அமைந்த வீடுகளில், காலையில் குழாயைத் திறந்தவுடன் வருவது இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கி ஆறிப்போன நீர்தான் என்பதால், அந்த நீரின் அளவைக் குறைப்பதே முதல் வேலை. முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ கால் லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். 15 மீட்டர் நீளத்தில் அது 4 லிட்டரை நெருங்கிவிடும், அரை அங்குலக் குழாயிலோ அதில் பாதிதான். ஆகவே புதிதாகக் குழாய் பதிப்போர், அந்தக் குளியலறைக்கு மட்டும் அரை அங்குலக் குழாயைத் தனியாக, வளைவுகளைக் குறைத்து இறக்குவது நல்லது. நீரழுத்தம் குறைவான மேல்தளத்துக்கு இது பொருந்தாது.

சுவரை உடைக்க மனமில்லாதவர்கள், குளியலறையில் சிறிய கீசர் ஒன்றைப் பொருத்தி, சோலார் குழாயை அதனுள் செலுத்தலாம். முதலில் வரும் குளிர்ந்த நீரைக் கீசர் சூடாக்கித் தர, பின்னால் வெந்நீர் வந்து சேர்ந்ததும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். பழைய வீடுகளுக்கு இதுவே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சூடான நீரை உள்ளே ஏற்கும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். கீசரில் அழுத்தம் கூடினால் அதை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

வெளியே தெரியும் குழாய்களுக்கு நுரை உறை போடுவது, அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்கு உதவுமே தவிர, விடியற்காலையில் முதலில் குளிப்பவருக்குப் பெரிதாகப் பயன்படாது. அவர் ஷவரைத் திறக்காமல், வேகமாகக் கொட்டும் கீழ்க்குழாயின் வெந்நீர்ப் பக்கத்தை முழுவதும் திறந்து, ஆறிய நீரை வாளியில் பிடித்துத் துணி அலசுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.