கல்லுக்குச் சீட்டு எழுதி வைக்கிறது எப்பிடி

கல்லுச் சேர்க்கிற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது, கல்லைக் கழுவ முதல் எழுதுங்கோ. வீட்ட போய் ஆறுதலா எழுதுவம் எண்டு விட்டால் மாறிப்போகும். கிணறு வெட்டேக்க எடுத்த ரெண்டு கல்சைற் (சுண்ணாம்புக்கல்லுக்க வாற பளிங்கு), ஒண்டு கோண்டாவில், மற்றது உரும்பிராய், ஒரே ஷொப்பிங் பையில போட்டுக்கொண்டு வந்திட்டன், இப்ப எது எந்தக் கிணறு எண்டு சொல்லேலாது, தேன் நிறத்தில பல்லுப்பல்லா நிக்கிற வடிவான துண்டுகள், நினைக்க இப்பவும் மனசு கேக்குதில்லை.

'யாழ்ப்பாணம்' எண்டு மட்டும் எழுதாதேங்கோ. ஊர், ஒழுங்கை, எத்தினை அடி ஆழம், ஃபோன் காட்டுற ஜிபிஎஸ் இலக்கம், திகதி, ஆர் எடுத்தது, காணிக்காரரிட்டக் கேட்டதோ, எல்லாம் வேணும். வாங்கின கல்லெண்டால் ஆரிட்ட, என்ன விலை, அவருக்கு எங்கால வந்தது. அவர் இரத்தினபுரி எண்டு சொன்னால் 'வித்தவர் சொன்னது' எண்டு சேர்த்து எழுதுங்கோ, நீங்கள் கண்டது வேற, கேட்டது வேற. ஆனந்த குமாரசாமி கண்டுபிடிச்ச தோரியனைட் எண்ட கனிமம் 1904இல வெளிய தெரிய வந்தது, இண்டைக்கும் அதைப் பற்றிக் கதைச்சால் பலாங்கொடைப் பக்கம் எண்டு இடமும் சேர்ந்துதான் வரும்.

பிறகு இலக்கம். கல்லின்ர வடிவில்லாத பக்கத்தில சின்னனா வெள்ளை பெயின்ற் பொட்டு, காய்ஞ்ச பிறகு அதில மெல்லிய கறுப்புப் பேனையால இலக்கம். அதே இலக்கம் கொப்பியிலயும், கல்லோட கிடக்கிற சீட்டிலயும். மூண்டும் வேணும். 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வில மாமான்ர கல்லுகள் கிடந்த பிஸ்கற் ரின் தப்பினது, கொப்பி தப்பேல்லை. '12' எண்டு எழுதின கல்லு இப்ப என்ர மேசையில கிடக்கு, 12 என்னெண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை.

சீட்டை பென்சிலால எழுதுங்கோ, போல்பொயின்ற் மை எங்கட வெயிலுக்கும் ஈரத்துக்கும் மங்கிப்போகும். கல்லோட பழைய சீட்டு வந்தால், பிழையா எழுதிக் கிடந்தாலும் எறியாதேங்கோ, திருத்தவும் வேண்டாம், உங்கட சீட்டைப் பக்கத்தில வையுங்கோ.

ஆனையிறவு உப்புக் கட்டி மாதிரிக் கரையிற சாமானில பெயின்ற் பூச வேண்டாம், இறுக்க மூடுற போத்தலில போட்டு இலக்கத்தைப் போத்தலில ஒட்டுங்கோ. உப்பளத்தில விளைஞ்சதெண்டும் எழுதுங்கோ, தானா விளைஞ்சதும் மனுசர் விளைய வைச்சதும் ஒண்டில்லை. புல்மோட்டைக் கறுப்பு மணலுக்கும் போத்தல்தான்.

நான் ஒவ்வொரு மாசமும் கொப்பியை ஃபோட்டோ எடுத்து கனடாவில இருக்கிற தங்கச்சிக்கு வாட்ஸப்பில அனுப்புறன்.