டிராஃப்டில் வந்த டிஃபென்சிவ் லைன்மேனை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். டிராஃப்ட் நடக்கிறது; கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி அது. தங்கள் அணி முதல் சுற்றில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையோ அதைப் பிடிக்கும் ரிசீவரையோ எடுத்தால் ரசிகர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பதில்லை. எதிரணியின் தாக்குதல் வரிசையோடு நேருக்கு நேர் மோதும் டிஃபென்சிவ் லைன்மேன் ஒருவரை எடுத்துவிட்டாலோ, அன்றிரவே வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. ஆட்டப் பதிவுகளை ஒவ்வொரு பிளேயாக, அதாவது பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முயற்சியாக, நிறுத்திப் பார்த்து இந்த வரிசை வீரர்களைப் பற்றிக் குறிப்பெடுப்பது எனக்கு நெடுநாள் வழக்கம். புதிதாக வரும் ரசிகர்கள், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். சில நிமிடத் தொகுப்புக் காணொளியை நம்புவது, மறுநாள் காலையே தேர்வுக்கு மதிப்பெண் போடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த பிழைகள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்பைன் எண்களில் மயங்குவது

டிராஃப்டுக்குச் சில வாரங்கள் முன்னதாக இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் கம்பைன் என்ற உடற்திறன் சோதனையில், வீரர்கள் 40 யார்டு தூரம் ஓடுகிறார்கள். 225 பவுண்டு எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்க முடியும் என்று காட்டுகிறார்கள். ஆட்டத்தில் ஒரு லைன்மேன் 40 யார்டு நேராக ஓடுவது அரிது. அவருடைய வேலை பெரும்பாலும் முதல் சில எட்டுகளுக்குள், எதிரே நிற்பவரின் கைகளைத் தட்டிவிடும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

1995இல் பாஸ்டன் கல்லூரியின் மைக் மமுலா கம்பைனில் எல்லோரையும் அசத்தினார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் தன்னுடைய 12ஆவது இடத்தோடு இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் டாம்பா பேவுக்குக் கொடுத்து, 7ஆவது இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது. அந்த 12ஆவது இடத்தில் டாம்பா பே எடுத்தவர் வாரன் சாப்; பின்னாளில் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். மமுலா மோசமான வீரர் அல்லர். ஆனால் கொடுத்த விலைக்கு ஈடாகவில்லை. 2008இல் நியூயார்க் ஜெட்ஸ் 6ஆவது இடத்தில் எடுத்த வெர்னன் கோல்ஸ்டன் அந்த எடையை 37 முறை தூக்கிக் காட்டியவர். ஜெட்ஸில் இருந்த மூன்று பருவங்களில் அவரால் ஒரு சாக் கூட (எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தை எறியும் முன் வீழ்த்துவது) எடுக்க முடியவில்லை. கல்லூரியில் வரிசையின் ஓரத்தில் ஆடியவரை அந்த அணி லைன்பேக்கர் என்ற வேறொரு தற்காப்பு இடத்துக்கு மாற்றியதும் அதற்கு ஒரு காரணம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாக் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன் அவரை பிளே தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவது சாக். 1982 முதல் லீக் அதை அதிகாரபூர்வமாகக் கணக்கிட்டு வருகிறது. எண்ணுவதற்கு எளிது, திரையில் பெரிதாகக் காட்டப்படுகிறது. ஆகவே ரசிகர்கள் அதையே லைன்மேனின் மொத்த மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வீரர் எங்கே நிற்கிறார், அங்கே அவருக்கு இட்ட பணி என்ன என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் சாக் கணக்கைப் பேசுவதில் பயனே இல்லை.

நிற்கும் இடத்தைப் பயிற்சியாளர்கள் எண்களால் குறிப்பார்கள். எதிரணித் தாக்குதல் வரிசையின் நடுவில் இருக்கும் சென்டருக்கு நேர் எதிரே நிற்பது 0, அவருக்கு அடுத்த கார்டின் வெளித்தோளுக்கு எதிரே நிற்பது 3, அதற்கடுத்த டேக்கிளின் வெளித்தோளுக்கு எதிரே நிற்பது 5, ஓரத்து டைட் எண்டுக்கும் வெளியே விலகி நிற்பது 9. ஒன்பதில் நிற்பவருக்குக் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய விரிந்த பாதை இருக்கிறது. பூஜ்ஜியத்தில் நிற்பவரை முந்நூறு பவுண்டுக்கு மேற்பட்ட இருவர் ஒரே நேரத்தில் இடிக்கிறார்கள். அவர் இடம்பெயராமல் நின்றாலே அணி பாதி வென்றது போலத்தான். இந்த இருவரையும் ஒரே பட்டியலில் வைத்து, இவருக்கு இத்தனை, அவருக்கு அத்தனை என்று ஒப்பிடுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஆட்டம் பார்க்கும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, தன் அணி முதல் சுற்றில் எடுத்த, பூஜ்ஜியத்தில் நிற்கும் நோஸ் டேக்கிளைப் பற்றி ஓயாமல் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "பருவமே பாதி முடிஞ்சுது, ஒரு சாக் கூட இல்லண்ணே, வீண் தேர்வு" என்றார். மைதானம் முழுவதும் தெரியும்படி மேலிருந்து எடுத்த பதிவை எடுத்து, ஒரே ஒரு ஓட்ட பிளேயில் நிறுத்திக் காட்டினேன். பந்து கைமாறிய அடுத்த கணம் சென்டரும் இடப்புறக் கார்டும் இடுப்போடு இடுப்பு ஒட்டி அந்த வீரரைத் தள்ளுகிறார்கள். அவர் ஒரு முழங்காலைப் புல்லில் படுமளவுக்குத் தாழ்த்தி, தோளைப் பக்கவாட்டில் திருப்பி, இருவரில் ஒருவரும் தன்னை விட்டு நகர முடியாதபடி பிடித்துக்கொள்கிறார். வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தடுக்கப் போயிருக்க வேண்டிய கார்ட் அங்கேயே சிக்கிக்கொள்ள, லைன்பேக்கர் தடையின்றி வந்து ஓட்டக்காரரை ஒரே யார்டில் வீழ்த்துகிறார். புள்ளிவிவரத்தில் டேக்கிள், அதாவது வீழ்த்திய கணக்கு, லைன்பேக்கர் பெயரில் ஏறியது. நோஸ் டேக்கிளின் வரிசை வெறுமையாகவே இருந்தது. ஒருவர் கதவைத் தோளால் அடைத்து நிற்க, திருடனைப் பிடித்த பெயர் இன்னொருவருக்குப் போவதைப் போன்றது இது. தம்பி அந்த பிளேயைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அதன் பிறகு அவர் பேச்சில் சாக் கணக்கு குறைந்துவிட்டது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 2001இல் முதல் சுற்றில் எடுத்த கேசி ஹாம்ப்டன், தன் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் எடுத்த சாக்குகள் 9 மட்டுமே. அவர் ஐந்து முறை நட்சத்திர வீரர்களுக்கான புரோ போலுக்குத் தேர்வானார்; லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்ற இரண்டு அணிகளில் நடுவில் நின்றார். நியூயார்க் ஜயன்ட்ஸ் கதையும் இப்படித்தான். ஓடெல் பெக்கம் என்ற நட்சத்திர ரிசீவரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்துப் பெற்ற 17ஆவது தேர்வில் 2019இல் அந்த அணி டெக்ஸ்டர் லாரன்ஸை எடுத்தது. முதல் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை 2.5 சாக்குகள். கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அது நஷ்ட வியாபாரமாகத் தெரிந்திருக்கும். 2023இல் 4.5 சாக்குகளோடு அவர் பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான ஆல்-புரோ தேர்வின் இரண்டாவது அணியில் இடம்பெற்றார். சென்டரை அவர் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும்போது குவார்ட்டர்பேக்கால் முன்னால் எட்டெடுத்து வைக்க முடிவதில்லை. பக்கவாட்டில் விலகி, ஓரத்திலிருந்து வரும் வீரரின் கையில் சிக்குகிறார். அந்த சாக் ஓரத்து வீரருடைய கணக்கில்தான் சேர்கிறது.

சாக்கே பிரதான வேலையாக உள்ள ஓர வீரர்களிடமும் முதல் பருவ எண்ணிக்கை ஏமாற்றிவிடும். 2022இல் ஜாக்சன்வில் முதல் தேர்வாக டிரவான் வாக்கரை எடுத்தபோது, அதற்கு முந்தைய பருவத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக 14 சாக் எடுத்த ஏடன் ஹட்சின்சன் கையருகே இருந்தார். டெட்ராய்ட் அவரை அடுத்த தேர்வில் எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டில் ஹட்சின்சனுக்கு 9.5, வாக்கருக்கு 3.5. அடுத்த இரண்டு பருவங்களில் வாக்கர் 10, 10.5 என்று எடுத்தார். ஹட்சின்சனே சிறந்தவர் என்று இன்றும் வாதிடலாம்; நானும் அப்படித்தான் கருதுகிறேன். ஆனால் வாக்கர் தோல்வி என்று 2022 டிசம்பரில் எழுதி முடித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

ஆகவே சாக்கோடு சேர்த்து, எத்தனை பிளேக்களில் குவார்ட்டர்பேக்கை நெருக்கி அவசரமாக எறிய வைத்தார், எத்தனை முறை இருவரால் தடுக்கப்பட்டார், ஓட்ட பிளேக்களில் தான் காக்க வேண்டிய இடைவெளியை விட்டுக்கொடுத்தாரா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

விட்டுப்போனவரின் பெயரையே ஜபிப்பது

2006இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ், ஓட்டக்காரர் ரெஜி புஷ்ஷையும் உள்ளூர்க்காரரான குவார்ட்டர்பேக் வின்ஸ் யங்கையும் விட்டுவிட்டு ஓர வீரர் மாரியோ வில்லியம்ஸை முதல் தேர்வாக எடுத்தது. நகரமே கொதித்தது. பாத வலியோடு ஆடிய முதல் பருவத்தில் அவர் 4.5 சாக் எடுத்தார். யங் அந்த ஆண்டின் சிறந்த புதிய தாக்குதல் வீரரானார். அடுத்த இரண்டு பருவங்களில் வில்லியம்ஸ் 14, 12 என்று எடுத்தபோது, ஏசியவர்கள் யாரும் அதைப் பேசவில்லை. ஒப்பீடு செய்வதானால் எல்லாப் பருவங்களுக்கும் செய்ய வேண்டும்.

உயரத்தைப் பார்த்து ஒதுக்குவது

ஆரன் டொனால்ட் 6 அடி 1 அங்குலம்தான்; உள்வரிசை லைன்மேனுக்கு அது குறைந்த உயரம். 2014இல் 13ஆவதாக எடுக்கப்பட்டு, மூன்று முறை லீகின் சிறந்த தற்காப்பு வீரரானார்.

பெயர் அறிவித்ததும் கூச்சலிடுவது

2011இல் ஹூஸ்டன் ரசிகர்கள் இப்படி வரவேற்றது, பின்னாளில் மூன்று முறை லீகின் சிறந்த தற்காப்பு வீரரான ஜே.ஜே. வாட்டை.

பெஞ்சில் அமர்வதைத் தோல்வியாகப் படிப்பது

உள்வரிசை லைன்மேன்கள் ஒவ்வொரு பிளேயிலும் முழு உடல் எடையோடு மோதுகிறார்கள். நான்காம் குவார்ட்டரிலும் அதே வேகம் வேண்டும் என்பதற்காகப் பயிற்சியாளர்கள் அவர்களைச் சுழற்சி முறையில் இறக்குகிறார்கள். புதிய வீரர் பாதி நேரம் வெளியே அமர்ந்திருப்பதைக் கண்டு பதற வேண்டாம். எந்தச் சூழலில் வெளியே எடுக்கிறார்கள் என்று பாருங்கள்: மூன்றாவது டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) எறியும் நேரத்தில் மட்டும் எடுத்தால், எறிதலைக் குலைக்கும் திறன் இன்னும் போதவில்லை என்று அணி கருதுகிறது, எல்லாச் சூழலிலும் மாறி மாறி எடுத்தால் அது வெறும் ஓய்வு.

கெடு வருவதற்கு முன்பே கணக்கை முடிப்பது

முதல் சுற்றில் வந்தவரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். ஐந்தாவது ஆண்டையும் சேர்த்துக்கொள்வதா என்பதை அணி மூன்றாவது பருவம் முடிந்த பிறகு, மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்ல வேண்டும். ரசிகர்களும் அதுவரை காத்திருப்பது முறை. 2019இல் மூன்றாவதாக ஜெட்ஸுக்கு வந்த குவின்னன் வில்லியம்ஸ் முதல் பருவத்தில் 2.5 சாக்கோடு ஏச்சு வாங்கினார். 2022இல் அந்த அணி அவருடைய ஐந்தாவது ஆண்டை உறுதிசெய்தது. அந்தப் பருவத்தில் அவர் 12 சாக் எடுத்தார். அடுத்த கோடையில் நான்கு ஆண்டுகளுக்கு 96 மில்லியன் டாலர் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.