சிறுவர்களுக்கான தலைமைப் பண்பு முகாமை நடத்துவது எப்படி?

விடுமுறையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைமைப் பண்பும் வாழ்க்கைத் திறன்களும் பழக்கும் ஐந்து நாள் உறைவிட முகாம் நடத்த விரும்புவோர், நிகழ்ச்சி நிரலிலிருந்து முதலில் நீக்க வேண்டியவை சிறப்பு விருந்தினர் உரைகளே. பொன்னாடையும் நன்றியுரையுமாக அரை நாளை விழுங்கும் அவ்வுரைகளில் எதையும் எந்தச் சிறுவனும் மறுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் நடத்திய சோதனை முகாமிலேயே, வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளிகளின் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாக்கி, ஒவ்வோர் அணியையும் ஒரு சிறுவனின் பொறுப்பிலேயே விட்டார். சாரணர் இயக்கம் இன்றளவும் கைவிடாத அந்த அணி முறையே இத்தகைய முகாம்களுக்கு ஏற்றது.

முப்பது பேருக்கு மேல் சேர்க்காமல், அணிக்கு ஐவர் வீதம் ஆறு அணிகளாகப் பிரித்தால், ஒவ்வொருவனும் ஒரு நாள் தலைவனாகவும் நான்கு நாள் பிறன் சொல்லுக்கு உட்பட்டவனாகவும் இருக்க வாய்க்கும். உரக்கப் பேசுபவனையே ஐந்து நாளும் தலைவனாக்கினால், ஏற்கெனவே தெரிந்ததையே அவன் மீண்டும் செய்துகொண்டிருப்பான். பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான் நடக்க வேண்டும். மாணவர்களின் விருப்பத்துக்கு விட்டால் ஒரே தெருவினர் ஒன்றாகச் சேர்வார்கள், தெரு என்பது நம் ஊர்களில் எதைக் குறிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அணியை அடையாளம் காட்ட வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டிவிடும் வழக்கமும் கூடாது. மாணவர்களிடையேயான சாதி மோதல்களை ஆராய்ந்து 2024இல் அறிக்கை அளித்த நீதியரசர் கே. சந்துரு குழு, பள்ளிகளில் இத்தகைய கயிறுகளைத் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தது. அணிகளுக்கு ஆறுகளின் பெயர்களை வைத்தாலே போதும்.

சமையல், குடிநீர், பாத்திரம் கழுவுதல், கழிப்பறைத் தூய்மை, நேரமும் வருகைக் கணக்கும், மறுநாள் ஏற்பாடு என்னும் ஆறு பணிகளும் நாள்தோறும் அணி மாற வேண்டும். ஐந்து நாளில் எந்த அணிக்கும் ஒரு பணி விடுபடும் என்பதால், கழிப்பறைத் தூய்மை எந்த அணிக்கும் விடுபடாதவாறு ஒரு நாள் மட்டும் அப்பணியில் இரண்டு அணிகளைச் சேர்த்து முறையை வகுத்து, ஆசிரியர்களும் துடைப்பத்தோடு உடன் நிற்க வேண்டும்.

முகாமின் உயிர் சமையற்கூடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட அம்மாவோ அக்காவோ எடுத்துத் தர வளர்ந்த பையன்கள் பலருக்கு, முப்பது பேர் பசி தன் கையில் இருப்பது முதல் அனுபவமாக இருக்கும். ஆளுக்கு 125 கிராம் என்று கொண்டால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 4 கிலோ அரிசி வேண்டும் என்ற கணக்கை அவர்களே போடட்டும். காய்கறிக்கான பணத்தைச் சமையல் அணியின் அன்றைய தலைவனிடம் கொடுத்து, பேசாமல் பின்தொடரும் ஓர் ஆசிரியரோடு சந்தைக்கு அனுப்ப வேண்டும். நுழைவாயிலில் கண்ட முதல் கடையிலேயே தக்காளி முழுவதையும் வாங்கிவிட்டு, உள்ளே நான்கு கடை தள்ளி விலை குறைவாக இருப்பதைப் பார்த்து அணியே அவனை முறைக்கும்போது ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. மீதிப் பணத்துக்குள் பொரியலைச் சுருக்குவதா, சாம்பாரில் காயைக் குறைப்பதா என்று அவர்களே முடிவெடுக்கட்டும். அன்று மாலை வரவு செலவை அத்தலைவனே அனைவர் முன்னும் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்களுள் முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல் ஆகிய மூன்றும் அந்த ஒரு காலைப் பொழுதிலேயே பயிற்சி பெற்றுவிடுகின்றன. ஆனால் பெரிய பாத்திரத்தில் கஞ்சி வடிப்பதை மட்டும் பெரியவர்களே செய்ய வேண்டும்.

பிற்பகல்களில் பொத்தான் தைத்தல், துணி துவைத்தல், வங்கிப் படிவம் நிரப்புதல், முதலுதவி போன்றவற்றைச் செய்துகாட்டிச் செய்ய வைக்கலாம். இரவில் அணி அணியாக அமர்ந்து, கோபம் வந்த தருணத்தையும் உதவி கிடைத்த தருணத்தையும் பகிரச் சொல்லலாம். பேச விரும்பாதவனை வற்புறுத்தக் கூடாது, அழுபவனைக் கேலி செய்ய விடவும் கூடாது.

பாதுகாப்பில் தளர்வுக்கே இடமில்லை. பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல், ஒவ்வாமை, மருந்து பற்றிய விவரங்கள் ஆகியவை இல்லாமல் எவரையும் சேர்க்கக் கூடாது. கிணறு, குளம், ஆறு எதிலும் குளியல் வேண்டாம். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு சிறுவனும் தனித்திருக்க நேராதபடி எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் சமமாகக் காக்கிறது. புகார் எழுந்தால் முகாமுக்குள்ளேயே பேசி முடிக்காமல் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமையாகும். குழந்தைகள் உதவி எண்ணான 1098, ஆம்புலன்ஸ் எண்ணான 108 ஆகியவற்றைச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும்.

நிறைவு நாளில் பெற்றோரை மதிய உணவுக்கு அழைத்து, பிள்ளைகளே சமைத்துப் பரிமாறட்டும். சான்றிதழில் பொதுவான பாராட்டு வரிகளுக்குப் பதிலாக, அவன் எந்த நாளில் எந்தப் பணிக்குத் தலைமை தாங்கினான் என்பதை எழுதிக் கொடுப்பதோடு, வீட்டில் இனி அவன் பொறுப்பேற்கும் ஒரு வேலையை அவனே தேர்ந்து, பெற்றோர் முன்னிலையில் அதன் கீழே எழுதிக் கையொப்பமிடச் செய்ய வேண்டும்.